ஸ்வெட்டருக்கு வெளியே நாலு இஞ்ச்

நாயுடுபுரம், கொடைக்கானல்
4 மே 2025

'புதுத்தையல்' ஆசிரியர் அவர்களுக்கு,

மே மாத இதழின் பதினான்காம் பக்கத்தில் ஏரிக்கரையில் நிற்கும் பெண்ணின் கையில் மயிர் சிலிர்த்திருக்கிறது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஜாக்கெட்டை அதற்கு அப்புறம்தான் பார்த்தேன்.

அது எங்கள் ஊர் ஏரி. அவருக்குப் பின்னால் சோளம் சுட்டு விற்கும் அக்கா இரண்டு ஸ்வெட்டர் போட்டு, காதை மூடி மப்ளர் கட்டியிருக்கிறார். முன்னால் நிற்பவர் மட்டும் பஃப் வைத்த அரைக்கை ஜாக்கெட்டில் சிரிக்கிறார். படத்துக்குக் கீழே 'குளுகுளு மலைக்கு ஏற்ற கை' என்று போட்டிருக்கிறீர்கள்.

நான் என் மாமி பதுருன்னிசாவின் தையல் கடையில் வேலை செய்கிறேன். மாமி என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. எனக்கு வயது பதினேழு. உங்கள் புத்தகம் மாதாமாதம் கடைக்கு வருகிறது. துணி வெட்ட அளவு வரைந்த நடுப்பக்க வெட்டுத்தாளைப் பிரித்து ஆணியில் மாட்டுவது என் வேலை. இந்த மாதம் மகாராணி என்ற அக்கா அதைப் பார்த்துவிட்டு அதே பஃப் கை வேண்டும் என்றார். நானே தைத்தேன். நன்றாகத்தான் வந்தது. கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு மேலே ஸ்வெட்டரை மாட்டினார். கை உள்ளே போகவில்லை. இழுத்து நுழைத்த பிறகு தோளுக்குக் கீழே இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது.

"ஏம்புள்ள, கைக்குள்ள ரெண்டு பன்ன வச்சுத் தச்சிட்டியா?" என்றார்.

மாமியும் காத்திருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

இங்கே வருஷத்தில் பத்து மாதம் ஸ்வெட்டர்தான். தோளிலும் முதுகிலும் என்ன வேலைப்பாடு செய்தாலும் யாருக்கும் தெரியாது. வேலை செய்கிறவர்கள் ஸ்வெட்டரின் கையைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டிருப்பார்கள். அப்போது முழுக்கை ஜாக்கெட்டின் நுனி ஒரு நாலு இஞ்ச் வெளியே தெரியும். எங்கள் கடையில் அதற்கு 'எட்டிப்பார்' என்று பெயர். "மாமி, எட்டிப்பாருக்கு என்ன வைக்கலாம்?" என்றுதான் வருகிறவர்கள் கேட்பார்கள். மற்ற இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

குறை சொல்ல எழுதவில்லை. அப்படித் தெரிந்தால் மன்னியுங்கள். பதில் போட வேண்டாம். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஹ. ஆஃப்ரா


மதுரை
12 மே 2025

அன்புள்ள ஆஃப்ரா,

காய்ச்சல் வந்தது. அவருக்கு இல்லை, எனக்கு. காலை ஏழு மணிக்கு உங்கள் ஏரியில் தூறல் போட்டது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் அந்தப் பெண் என் சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டார். நான் நனைந்துகொண்டு குடை பிடித்தேன்.

நான் தமிழ்மதி, உதவி ஆசிரியர். வயதைச் சொல்லிவிட்டதால் நீ என்றே எழுதுகிறேன். பதில் வேண்டாம் என்று எழுதினால் நான் விடுகிற ஆள் இல்லை.

எங்கள் பத்திரிகை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலாளி குமாரவேல் ஐயா. இருபது வருடம் நூலும் பட்டனும் மொத்த வியாபாரம் செய்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். நான் மாதாமாதம் புதிதாக ஏதாவது ஒன்றை வரைந்துகொண்டு போய் அவர் மேஜையில் வைப்பேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இத எந்த ஊர்ல, எந்தக் கடையில, யாரு கேப்பா?" எட்டு வருடமாக எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அதனால் பஃப் கை போகிறது. போன தீபாவளிக்கும் பஃப் கை, அதற்கு முந்தைய தீபாவளிக்கும் பஃப் கை.

முதல் தடவையாக ஊர், கடை, கேட்ட ஆளின் பெயர் மூன்றும் சேர்ந்து ஒரு கடிதத்தில் வந்திருக்கிறது. அதை அவர் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். 'எட்டிப்பார்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "நல்லா பேரு வச்சிருக்காங்கய்யா" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விஷயம்.

உன் எட்டிப்பார் ஒன்றை வரைந்து அனுப்பு. தீபாவளி மலரின் நடுப்பக்க வெட்டுத்தாளுக்குக் கேட்கிறேன். போன் நம்பர் எழுதவில்லையே?

தமிழ்மதி


நாயுடுபுரம்
25 மே 2025

அன்புள்ள தமிழ்மதி அக்காவுக்கு,

வீட்டில் இருக்கும் போன் அத்தாவுடையது. பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறார், இப்போது சீசன் என்பதால் இருட்டிய பிறகுதான் வருவார். அது மட்டும் காரணம் இல்லை. நேரில் பேசச் சொன்னால் இதில் பாதிகூட எனக்கு வராது. ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றதற்கும் பெரிய காரணம் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதல் வரியைத் தாண்ட மாட்டேன். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு மாமி கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

படம் அனுப்பியிருக்கிறேன். தோளில் ஒன்றும் இல்லை. சாதாரண முழுக்கை. நுனியில் நாலு இஞ்சுக்கு, அரை இஞ்ச் அகலத்தில் எட்டுத் துண்டுகள், படிப்படியாக. இங்கே கவுஞ்சி என்ற மலைக்கிராமத்தில் வயல்கள் மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு படியில் காரட், அடுத்ததில் பூண்டு, அடுத்தது வெறும் உழுத மண், அதற்குக் கீழே உருளை. எந்த இரண்டு படியிலும் ஒரே பச்சை இருக்காது. எல்லாமே கடையின் துண்டுத்துணி மூட்டையிலிருந்து எடுத்தவை. எந்தச் சேலைக்கும் ஏதாவது ஒரு படி பொருந்திவிடும்.

கவுஞ்சியிலிருந்து பூண்டு கொண்டுவரும் மூக்கம்மா அக்காவுக்கு முதலில் தைத்துக் கொடுத்தேன். ஸ்வெட்டரை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு அவர் தராசு பிடித்தபோது அது மட்டும்தான் வெளியே தெரிந்தது. நான் எதிர்க்கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

புத்தகத்தில் வருமா என்று கேட்கவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

ஆஃப்ரா


மதுரை
9 ஜூன் 2025

அன்புள்ள ஆஃப்ரா,

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். படிப்படியாக வைத்தது ஐயாவுக்குப் பிடித்துவிட்டது. தீபாவளி மலரில் போடலாம் என்கிறார்.

இனி மற்றது. முழுக்கை வேண்டாமாம். முழங்கைக்கு மேலேயே நிறுத்திவிட வேண்டுமாம். துண்டுத்துணிக்குப் பதில் ஜரிகை. எட்டுப் படி அதிகம், நாலு போதும். தலைப்பு 'தீபாவளிப் படிக்கட்டு'. நான் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். "மதுரையில எந்தப் பொம்பளம்மா ஸ்வெட்டர் போடுறா? ஒருத்தியக் காட்டு" என்றார்.

மாற்றி வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயர் பெரிய எழுத்தில் வரும். சரி என்று ஒரு வரி எழுதிவிடு. இதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தமிழ்மதி


நாயுடுபுரம்
14 ஜூன் 2025

அக்காவுக்கு,

படத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் அது என்னுடையது இல்லை.

முழங்கைக்கு மேலே கை முடிந்தால் ஸ்வெட்டர் அதை மூடிவிடும். எங்கள் ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. மூக்கம்மா அக்கா அதைப் பார்த்தால் ஏதோ ஒரு ஜாக்கெட் என்றுதான் நினைப்பார்.

யார் பெயரிலாவது போட்டுக்கொள்ளுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஆஃப்ரா


மதுரை
21 ஜூன் 2025

ஆஃப்ரா,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் உன் மேலேயே வைத்துக்கொள்கிறேன்.

மலைமேல் உட்கார்ந்துகொண்டு பெயர் வேண்டாம் என்று சொல்வது எளிது. போன வாரம் சந்தா வாங்கப் பரமக்குடிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தையல்கார அம்மா, துணியில் வியர்வை சொட்டாமல் இருக்க நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு தைக்கிறார். நம் புத்தகத்தை அட்டை கிழியாமல் பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அவரிடம் போய் மணிக்கட்டு வரை கை வையுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? "நம்ம புஸ்தகம் ஆசப்படுறவங்களுக்கு இல்லம்மா, தைக்கிறவங்களுக்கு" என்று ஐயா அடிக்கடி சொல்வார். அதைக் கேட்டு நான் பல்லைக் கடித்திருக்கிறேன். அந்த அம்மாவைப் பார்த்த பிறகு கடிக்க முடியவில்லை.

அதற்காக உன் கையை வெட்டியது சரி என்றும் சொல்லவில்லை. ஐயாவிடம் மூன்று வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறேன். ஜூலை பத்துக்குள் மலைக்கும் ஆகிற, பரமக்குடிக்கும் ஆகிற ஒன்று வந்தால் அது போகும். வராவிட்டால் பஃப் கை. மூன்றாவது தீபாவளி.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றுகிறதா பார். தோன்றாவிட்டாலும் எழுது.

தமிழ்மதி


நாயுடுபுரம்
5 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து மிஷின் டிராயரில் வைத்துவிட்டேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கோபமாக எழுதியதற்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வள்ளி என்ற பெண் கல்யாணத் துணியோடு வந்தார். அவருக்கு ஊர் வத்தலக்குண்டு. ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு வடகவுஞ்சி. மாமியார் கூட வந்திருந்தார். முழுக்கையா அரைக்கையா என்று இருவருக்கும் பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. மாமியார் முழுக்கை என்றார். வள்ளி அரைக்கை என்றார். கடைசியில் அந்தப் பெண் அழுகிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எங்கம்மா வீட்டுக்குப் போனா கை வேகும். இவுக வீட்டுக்கு வந்தா கை வெறைக்கும். நான் என்ன ரெண்டு கையவா கழட்டி மாட்ட முடியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. துண்டுத்துணி மூட்டையை அவிழ்த்தேன்.

ஜாக்கெட் முழங்கைக்கு மேலேயே முடிகிறது. அதன் விளிம்பில் இரண்டு ஜரிகைப் படி. கீழே தனியாக ஒரு கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, நுனியில் எட்டுப் படியோடு. ஜாக்கெட் விளிம்பின் உள்பக்கம், அழுத்தினால் பொருந்தும் ஆறு டிச் பட்டன். மலை ஏறினால் மாட்டிக்கொள்ளலாம். இறங்கினால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். மாட்டினால் பட்டன் வெளியே தெரியாது. வள்ளி கடையிலேயே நாலு தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்தார். மாமியாரும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தார்.

எங்கள் கடையின் முப்பத்தாறு இஞ்ச் மார்பளவு அட்டையை வைத்து வெட்டுத்தாள் வரைந்து அனுப்பியிருக்கிறேன். மாமி எல்லா அளவுக்கும் அட்டை வெட்டி வைத்திருக்கிறார். நாங்கள் அதைத் துணிமேல் வைத்துத்தான் சாக்குக்கட்டி போடுவோம். மற்ற அளவுகளை நீங்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பரமக்குடி அம்மாவுக்குத் தனிக் கை தேவைப்படாது. அவர் மேல் பாதியை மட்டும் தைத்தால் போதும். இப்படிச் செய்தால் என் பெயர் போடலாம்.

ஆஃப்ரா


மதுரை
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆஃப்ரா,

போகிறது.

ஐயா படத்தைப் பார்த்துவிட்டு, "கழட்டி மாட்டுறதா?" என்று கேட்டார். டிச் பட்டன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இருபது வருடம் பட்டன் விற்றவர் அல்லவா. 'ரெண்டூர் கை' என்று அவரே தலைப்பு வைத்தார். தனியாக மாட்டும் பகுதிக்கு எட்டிப்பார் என்ற பெயரை அப்படியே விட்டுவிட்டார். துண்டுத்துணிதான், ஜரிகை கட்டாயம் இல்லை. கீழே 'வடிவமைப்பு: ஹ. ஆஃப்ரா, நாயுடுபுரம், கொடைக்கானல்' என்று வருகிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

தீபாவளி மலர் ஆறாயிரம் பிரதி. வெட்டுத்தாள் முழுவதும் அச்சாகி அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. சுதந்திர தின லீவு முடிந்ததும், 18ஆம் தேதி திங்கட்கிழமை, பைண்டிங்குக்குப் போகும்.

மாதிரிக்கு எனக்கே ஒன்று தைத்துக்கொண்டேன். அழகாக இருக்கிறது. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன், அது வேறு கதை.

உன் மாமியிடம் சொல்லிவிட்டாயா?

தமிழ்மதி


நாயுடுபுரம்
16 ஆகஸ்ட் 2025, சனிக்கிழமை

அக்கா,

அந்தத் தாளை வெளியே அனுப்பாதீர்கள். அளவு தப்பு. தப்பு என்னுடையது.

நேற்று லீவு என்பதால் ஊரே கூட்டம். மத்தியானம் வெயில் அடித்தபோது மதுரையிலிருந்து வேனில் வந்த ஒரு அம்மா, ஜாக்கெட் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது, அவசரமாக ஒன்று தைக்க வேண்டும் என்று வந்தார். மாமி அளந்து "முப்பத்தாறு" என்றார். நான் முப்பத்தாறு அட்டையை எடுத்தேன்.

"ஏய், அத எடுக்காத. அது ஸ்வெட்டரோட அளந்தவுகளுக்கு. இவுகதான் ஸ்வெட்டர் போடலேல்ல?"

எனக்குப் புரியவில்லை. மாமி துணியை விரித்துக்கொண்டே சொன்னார். இங்கே வரும் பெண்கள் அளவு கொடுக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்கள். குளிர், அதோடு கடையில் மறைப்பும் கிடையாது. அதனால் மாமி ஸ்வெட்டரின் மேலேயே டேப்பைப் போடுவார். கடை தொடங்கியபோது ஸ்வெட்டரின் கனத்துக்காக ஒன்றரை இஞ்ச் கழித்தே எல்லா அட்டையையும் வெட்டி வைத்துவிட்டார். நோட்டில் முப்பத்தாறு, அட்டையில் முப்பத்தி நாலரை. மூன்று வருஷமாக நான் அந்த அட்டைகளை வைத்துத்தான் வெட்டுகிறேன். ஒரு நாளும் டேப் வைத்து அட்டையை அளந்து பார்த்ததில்லை. முப்பத்தாறு என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஸ்வெட்டர் போடாத ஊரில் என் தாளை வைத்து வெட்டினால் ஒருவருக்கும் பத்தாது. உள்ளே விடும் துணியைப் பிரித்தாலும் முக்கால் இஞ்ச்தான் தேறும். தீபாவளிச் சேலையில் ஜாக்கெட் துணி ஒன்றுதான் இருக்கும். தப்பாக வெட்டிவிட்டால் அதே துணி வேறு எங்கும் கிடைக்காது. பரமக்குடி அம்மா நம் புத்தகத்தை நம்பித்தானே வெட்டுவார். அவருடைய கடைக்கு வருகிறவர்கள் அவரை என்ன சொல்வார்கள்?

புத்தகத்தில் இருக்கும் நம்பருக்கு அத்தாவின் போனிலிருந்து ஏழு தடவை அடித்தேன். மணி அடிக்கிறது, லீவு என்பதால் யாரும் எடுக்கவில்லை. அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. மதுரை பஸ் கண்டக்டர் அழகர் மாமா அவருக்குப் பழக்கம். நாளைக்கு அவரிடம் இதைக் கொடுத்து, உங்கள் அலுவலக ஷட்டருக்கு அடியில் தள்ளிவிடச் சொல்கிறேன் என்றார். மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.

என் பக்கம் வராவிட்டால் பரவாயில்லை. பஃப் கையையே போட்டுவிடுங்கள். தாளை மட்டும் அனுப்பாதீர்கள்.

ஆஃப்ரா


மதுரை
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆஃப்ரா,

முதலில் மூச்சை விடு. ஒரு தாள்கூட வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியது ஐயாதான். உன் கடிதத்தை மிதித்துவிட்டார். அவருடைய செருப்புத் தடம் இன்னும் அதில் இருக்கிறது. நான் போனபோது தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். பைண்டிங் வண்டி வாசலில் நிற்கிறது. கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

படித்து முடித்துவிட்டு நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மாதிரி ஜாக்கெட்டை எனக்குத் தைத்தேன் என்று எழுதினேன் அல்லவா? கொக்கி போட முடியவில்லை. தாள் சரி, நான்தான் பருத்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று வாரமாகக் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன். ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி. டீயில் சர்க்கரை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். அதைப் போட்டுப் பார்க்கத்தானே தைத்தேன்? இறுக்கிப் பிடிக்கிறது என்றதும் டேப்பை எடுக்காமல் என் உடம்பைச் சந்தேகப்பட்டேன். எட்டு வருடம் இந்த வேலை செய்கிற ஆள் நான். தப்பு உன்னுடையது மட்டும் இல்லை.

அதன் பிறகு சண்டை. ஆறாயிரம் தாளை மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. 'பிழை திருத்தம்' என்று ஒரு துண்டுச் சீட்டை உள்ளே வைக்கலாம் என்றேன். ஐயா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தப்புன்னு எதுக்கும்மா போடணும்? அவுக ஊர்ல அது சரிதானே? மலை அளவுன்னு போடு. கீழ இருக்கவுக கூட்டிக்கட்டும்."

எட்டு வருடமாக அவரோடு மல்லுக்கட்டுகிறேன். அன்றைக்கு மட்டும் சரி என்று ஸ்டாம்ப் கடைக்கு ஓடினேன்.

மத்தியானத்துக்குள் ரப்பர் ஸ்டாம்ப் வந்துவிட்டது. 'இது மலை அளவு: ஸ்வெட்டரின் மேல் அளந்தது. ஸ்வெட்டர் போடாத ஊரில் மார்பு, இடுப்பு இரண்டுக்கும் ஒன்றரை இஞ்ச் கூட்டி வெட்டவும்.' திங்கள் மத்தியானம் தொடங்கி நேற்று சாயங்காலம் வரை நானும் ஐயாவும் அவருடைய வீட்டம்மாவும் உட்கார்ந்து ஆறாயிரம் தாளிலும் குத்தினோம். வீட்டம்மா குத்தியதுதான் நேராக இருக்கிறது. என் விரல் எல்லாம் நீலம். தோள் வலிக்கிறது. இன்று காலை தாள் பைண்டிங்குக்குப் போனது.

ஒன்றரை கூட்டி எனக்கு மறுபடி ஒன்று தைத்தேன். கொக்கி தானாக விழுகிறது. சர்க்கரை போட்ட டீயைக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் மாமியிடம் சொல். அவர் அட்டை இல்லாவிட்டால் 'மலை அளவு' என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

தமிழ்மதி


நாயுடுபுரம்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள தமிழ்மதி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடை வாசலில் நின்று படித்தேன். 'ஒரு தாள்கூட வெளியே போகவில்லை' என்ற வரியைப் படித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

புத்தகம் வியாழக்கிழமை வந்தது. மாமியிடம் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். தினமும் வாயைத் திறப்பேன், யாராவது வந்துவிடுவார்கள். கடைசியில் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்துகொண்டேன். நடுப்பக்கத்தைப் பிரித்தார். ஸ்டாம்பைப் படித்தார். அட்டைகள் தொங்கும் ஆணியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அட்டை என்னுது, பேரு மட்டும் உன்னுதா?"

மாமி எழுந்துபோய்த் தாளை ஆணியில் மாட்டினார். ஓரம் மடங்கியிருந்ததைக் கையால் தேய்த்து நேராக்கினார். சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்த எல்லாரிடமும் அதைக் காட்டிவிட்டார். ஒவ்வொருவரிடமும், "அளவு நான் போட்டது" என்றும் சேர்த்துச் சொன்னார். அது உண்மைதான்.

அத்தா ஒரு புத்தகம் வாங்கித் தன் கடையில் ஸ்வெட்டர்களுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறார். வள்ளிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மறுவீட்டுக்குப் போகும் வழியில் பஸ் கீழே இறங்க இறங்கப் புழுக்கமாகி, உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் கழற்றிப் பையில் வைத்தாராம். பக்கத்து சீட்டு அம்மா ஜாக்கெட்டைக் கிழிக்கிறாள் என்று நினைத்துப் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். வள்ளியின் மாமியார் வந்து சொல்லிச் சிரித்தார். பரமக்குடி அம்மா தைத்தால் எனக்கு எழுதுங்கள்.

நேற்று காலை வெள்ளனே நான் மட்டும் கடையில் இருந்தேன். மாமி துணி வாங்கப் பஜாருக்குப் போயிருந்தார். ஒரு அக்கா தீபாவளி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தார், தடித்த ஸ்வெட்டர், மேலே சால்வை. நான் டேப்பை எடுத்து ஸ்வெட்டரின் மேல் வைத்து அளந்தேன். முப்பத்தெட்டு. பிறகு உள்கதவில் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்துவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கழற்றினார். மறுபடி அளந்தேன். முப்பத்தி ஐந்தே முக்கால். ஒன்றரை இல்லை, இரண்டே கால் குறைகிறது.

நோட்டில் இரண்டையும் எழுதினேன்.

ஆஃப்ரா